களிம்பு பிடித்த காசைத் தேய்க்கலாமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



குடிநீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, குரங்குத் தொல்லை என்று முக்கியமான விஷயங்களெல்லாம் பேசி முடித்த பிறகு, பழைய காசைப் பற்றிப் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் பி.காம். படித்தவன். வேதியியல் படித்தவன் அல்ல. ஆனால் வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசும் நோட்டும் எண்ணியவன். நாணயம் சேர்ப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் ஒரு வீட்டில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய ஒரு பாட்டி கொண்டுவந்த காசு ஒன்று இருந்தது. சிலோன் ஒரு சதம். ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் பனை மரம், பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின் நீலகிரிக்கு வந்து டான்டீ தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் இன்று மிஞ்சியிருப்பது பல வீடுகளில் இப்படி ஒன்றிரண்டு காசுதான். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எடுத்துப் போக வேண்டும் என்று பேரன் அதை எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கம்பி நாரால் தேய்த்தான். காசு பளபளவென்று ஆனது. தமிழ் எழுத்து பாதி போய்விட்டது. பையன் மேல் தப்பே இல்லை. செம்புக் குடத்தை வீட்டில் எப்படித் துலக்குகிறார்களோ, அப்படியே அவனும் துலக்கினான்.

குடத்துக்கும் காசுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

களிம்பு என்றால் என்ன?

செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் மேலே ஒரு படலம் உண்டாகும். முதலில் பழுப்பு. பிறகு சில இடங்களில் பச்சை. இதைத்தான் நாம் களிம்பு என்கிறோம். இந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை. காசின் செம்பே உருமாறி அப்படி ஆகியிருக்கிறது. மிகப் பழைய காசில் எழுத்தும் உருவமும் சில சமயம் அந்தப் படலத்திலேயே தங்கி நிற்கும். களிம்பைக் கரைத்தால் எழுத்தும் அதோடு போகும்.

குடத்தில் எழுத்து இல்லை. கொஞ்சம் தேய்ந்தாலும் தண்ணீர் பிடிக்கும். காசில் ஒரு மயிரிழை ஆழம் போனால் ஆண்டு எண் போய்விடும்.

ஒரு காசின் எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்கலாம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் சங்ககாலச் செப்புக் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் படித்து, 1980-களில் வெளியிட்டார். சங்க இலக்கியத்தில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயருக்குக் கையில் பிடித்துப் பார்க்கும் சான்று கிடைத்தது. சின்னச் சதுரக் காசு அது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் 'மாக்கோதை' என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். இவற்றில் ஏதாவது ஒன்றை யாரோ ஒருவர் புளி போட்டுத் தேய்த்திருந்தால் நம் வரலாற்றில் ஒரு வரி குறைந்திருக்கும்.

புளியும் உப்பும் ஏன் கூடாது?

புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். களிம்பைக் கரைத்த பிறகு அவை நிற்காது. அடியில் உள்ள செம்பையும் கொஞ்சம் தின்னும். காசு முதலில் இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். இரண்டு மாதத்தில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். அந்தப் பழைய பழுப்பு நிறம் திரும்ப வரவே வராது.

உப்பு அதைவிட மோசம். உப்பில் குளோரைடு இருக்கிறது. அது செம்புக்குள் புகுந்துவிட்டால், காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளேயே அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் செம்பை அரிக்கும். அரித்ததில் மறுபடி குளோரைடு சேரும். மறுபடி ஈரம், மறுபடி அமிலம். கந்து வட்டி மாதிரி, அசல் தீரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அருங்காட்சியகத்தார் இதை 'வெண்கல நோய்' என்று சொல்கிறார்கள். வெளிர்பச்சை நிறத்தில், சுண்ணாம்புத் தூள் போல, தட்டினால் உதிரும். துடைத்துவிட்டால் சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் கரும்பச்சைக்குப் பயப்பட வேண்டாம். உதிர்கிற வெளிர்பச்சைக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்த நோய் காற்றில் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். ஆனால் நாம் இருப்பது மஞ்சூர். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது முடிந்தால் வடகிழக்கு, இடையில் பனிமூட்டம். துவைத்த துணி காய நான்கு நாள் ஆகிறது. பீரோவில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கிறது. கோயம்புத்தூரில் இருபது ஆண்டு சும்மா கிடந்த காசு இங்கே இரண்டே மழைக்காலத்தில் பூத்துவிடும். ஆகவே, ஊரில் வேறு யாரோ செய்து காட்டும் யூடியூப் வித்தையை நாம் இங்கே செய்யக் கூடாது.

உப்பு என்ன செய்யும் என்பதற்குக் கடலைக் காட்டலாம். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்த 1808-ம் ஆண்டு 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கான காசுகளை மேலே எடுத்தார்கள். பீப்பாயில் நெருக்கி அடுக்கியிருந்ததால் பல காசுகளில் எழுத்து தெளிவாகவே இருந்தது. உப்புநீர் நேராகப் பட்டவை அரித்துப் போயிருந்தன. ஒரே அச்சு, ஒரே கப்பல், ஒரே கடல். காசை எப்படி வைத்திருந்தோம் என்பதுதான் வித்தியாசம்.

முதலில் எந்த உலோகம் என்று பாருங்கள்

கணக்கில் எந்தத் தலைப்பு என்று தெரியாமல் பற்று வைக்க மாட்டோம் அல்லவா? அதுபோல, உலோகம் தெரியாமல் காசை எதிலும் போடக் கூடாது. ஒரு காந்தமும் சமையலறைத் தராசும் இருந்தால் போதும்.

1. அலுமினியம்: 1960-களின் நடுவிலிருந்து வந்த 1, 2, 3, 5, 10 பைசாக்கள். எடையே இருக்காது. மேலே வெள்ளைப் பொடி பூக்கும். சலவைச் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும். எலுமிச்சையும் கெடுக்கும். இதற்கு வெறும் தண்ணீர் மட்டும்.

2. செம்பு, வெண்கலம்: கால் அணா, நடுவில் ஓட்டை உள்ள 1943 முதல் 1947 வரையிலான காலணா, 1957 ஏப்ரலில் தசம முறை வந்தபோது வெளியான ஒரு நயா பைசா. களிம்பு பிடிப்பது பெரும்பாலும் இவைதான்.

3. வெள்ளி: விக்டோரியா ராணி முதல் 1939 வரையிலான ரூபாய். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. 1940 முதல் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தத்தில் ஒட்டும். விக்டோரியா ரூபாய் காந்தத்தில் ஒட்டினால், மன்னிக்கவும், அது போலி.

4. எஃகு: 1988-க்குப் பிறகு வந்த 10, 25, 50 பைசாக்கள், 1992 முதல் வந்த ஒரு ரூபாய். இவையும் காந்தத்தில் ஒட்டும். சோப்புத் தண்ணீர் போதும்.

இன்னொன்று. வெவ்வேறு உலோகக் காசுகளை ஒரே கிண்ணத்தில் ஊறவைக்காதீர்கள். தண்ணீருக்குள் அவை ஒன்றோடொன்று உரசிக் கிடந்தால் பேட்டரி போல வேலை செய்து, ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

சரி, என்னதான் செய்யலாம்?

முதல் விதி: ஒன்றும் செய்யாமல் இருப்பதே பல சமயம் சிறந்த வேலை. சேகரிப்பவர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைவிடத் தொடாத காசுக்கே அதிக விலை கொடுப்பார்கள். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மண், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

காசை ஓரத்தில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், கைதவறி விழுந்தாலும் அடிபடாது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுகிறோம், நம் தொட்டியிலும் சேர்த்துத்தான். அதனால் அது வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில், ஒரு கிண்ணத்துக்கு ஒரு காசு என்று ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகும்வரை ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். அவசரப்பட வேண்டாம். நம்மில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள்தானே.

இளகிய மண்ணை மூங்கில் பல்குத்தும் குச்சியால் மெல்ல நகர்த்துங்கள். ஊசி, பிளேடு, கம்பி நார், பல்பொடி, விபூதி, பித்தளை தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். உலர்ந்த களிம்பைச் சுரண்டவும் கூடாது. அந்தத் தூள் மூச்சுக்குள் போவது நல்லதில்லை.

கடைசியில் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஒரு முறை முக்கி எடுத்தால் ஈரம் சீக்கிரம் போகும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள். கேஸ் அடுப்பு எரியும் சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டாம், ஒற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் காசு மினுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எண்ணெய் சிக்குப் பிடித்த பிறகு அதிலுள்ள அமிலமே புதிதாகப் பச்சையை உண்டாக்கும்.

வெள்ளி கறுத்திருந்தால், அது காற்றிலுள்ள கந்தகம் செய்த வேலை. கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து, சலவைச் சோடா கலந்த சுடுநீரில் போட்டால் கறுப்பு போகும். வீட்டு வெள்ளிக் கிண்ணத்துக்கு அது சரி. பழைய ரூபாய்க்கு வேண்டாம். மினுமினுப்பு செத்து, சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். மெல்லிய கறுப்பு அழகுதான், விட்டுவிடுங்கள்.

வெளிர்பச்சைத் தூள் உதிரும் காசைக் கண்டால் முதலில் மற்ற காசுகளிலிருந்து தனியே பிரித்து வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் பல வாரம் ஊறவைத்து மாற்றி மாற்றி எடுத்தால் குளோரைடு ஓரளவு வெளியேறும். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், களிம்பேறிய வெண்கலப் பொருட்களை மின்சாரம் செலுத்தி மீட்கும் முறையைக் கையாண்டிருக்கிறார். இன்றும் அங்கே அதற்கென ஆய்வுக்கூடம் உண்டு. பேட்டரி சார்ஜரை வைத்து அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பக்கத்தில் உதகையிலும் கோவையிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. காசை எடுத்துப் போய்க் காட்டி யோசனை கேளுங்கள்.

மஞ்சூரில் காசை எப்படி வைப்பது?

சுத்தம் செய்வதைவிட இதுதான் முக்கியம். ஒழுங்காக வைத்தால் சுத்தம் செய்யவே வேண்டாம்.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். செருப்புப் பெட்டியில் வருமே, அதுவே போதும், ஆனால் அது ஈரம் குடித்து நிறைந்துவிடும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே சொல்லும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. வெள்ளி ரூபாயில் கறுப்புக் கோடு விழும். வங்கியில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பளித் துணியிலும் சுற்ற வேண்டாம். மலிவான பி.வி.சி. ஆல்பத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுப்பான பச்சைத் திரவம் கசியும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைப் பருத்தித் துணிப் பை போதும். ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டு: யாருடைய காசு, எங்கிருந்து வந்தது, எப்போது. இருபது ஆண்டு கழித்து உங்கள் பேத்திக்குக் காசைவிட அந்தச் சீட்டுதான் பெரிதாக இருக்கும்.

பணம் என்று வந்தால்

கடைசியாக, வங்கிக்காரனாக மூன்று வார்த்தை.

ஒன்று. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. எந்த வங்கியிலும் இப்போது மாற்ற முடியாது. ஆனால் 10 ரூபாய் நாணயம், எல்லா வடிவமும், செல்லும். ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைக்காரர் மறுத்தால் சண்டை போடாமல் எடுத்துச் சொல்லுங்கள். பழைய காசை உருக்கி விளக்கு செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்குவது குற்றம்.

இரண்டு. "உங்களிடம் பழைய ஐந்து பைசா இருக்கிறதா? லட்சக்கணக்கில் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வரும். நம் குடியிருப்பிலேயே தனியாக வசிக்கும் ஒரு அம்மாவுக்கு அப்படி வந்தது. காசின் படத்தை அனுப்பச் சொன்னார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்டார்கள். நல்லவேளை, கட்டுவதற்கு முன் அந்த அம்மா கீழே இறங்கி வந்து கேட்டார். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை. தன் பெயரிலும் சின்னத்திலும் இப்படி மோசடி நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் அதுவே எச்சரித்திருக்கிறது. விற்கிறவன் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இந்த ஒரு கேள்வியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ராமர், அனுமார் படம் போட்ட "1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா" என்று விற்கிறார்களே, அதுவும் கம்பெனி வெளியிட்ட காசு அல்ல. கும்பிட வைத்துக்கொள்ளலாம், விலை கொடுத்து ஏமாற வேண்டாம்.

மூன்று. தோட்டத்தில் குழி வெட்டும்போது மண்ணுக்குள் பழங்காசோ பாத்திரமோ கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நீலகிரி மலைகளில் பழங்காலக் கல்வட்டங்கள் பல உண்டு. முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1870-களில் அவற்றைத் தோண்டி எடுத்த வெண்கலப் பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிடைத்ததைக் கழுவாமல், மண்ணோடு, கிடைத்த இடத்தைக் குறித்து வையுங்கள். அந்த மண்ணுக்கும் சேதி சொல்லத் தெரியும்.

பூஜை அறையில் லட்சுமி படத்தின் முன் வைக்கும் காசு பளபளப்பாக இருக்க வேண்டும் என்று சில அக்காமார் சொல்கிறார்கள். நியாயமான ஆசை. அதற்கு இன்று புழக்கத்தில் உள்ள புது ஐந்து ரூபாயை வைத்து, சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பாட்டி கொடுத்த காசை விட்டுவிடுங்கள்.

அந்தச் சிலோன் ஒரு சதம் இப்போது சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கிறது. போன எழுத்து வராது. ஆனால் பையன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார் என்று கேட்டு எழுதி, அதோடு சேர்த்து வைத்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால், அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு எடுத்து வாருங்கள். காந்தமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நான் கொண்டுவருகிறேன். எந்த உலோகம் என்று பார்த்துச் சீட்டு எழுதி வைப்போம். விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.